ஏவெர்ட் சாய்ந்த கல்

அடுப்படி ஜன்னலின் நடுச்சட்டத்துக்குப் பின்னால் அன்று காலை எதுவும் இல்லை.

வெண்டெலா காப்பிக் கோப்பையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த ஜன்னலுக்கு நான்கு கண்ணாடிகள், நடுவே குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டம். அடுப்புக்கு இடப்புறம், தரைப்பலகையில் முடிச்சு தெரிகிற இடத்தில் கால் வைத்து நின்றால், எதிரே மேய்ச்சல் நிலத்தில் அவள் நட்ட கல் கப்பலின் தலைக்கல் சரியாக நெடுஞ்சட்டத்துக்குப் பின்னால் மறைந்துபோகும். அந்தக் கல்லைப் பார்க்காமல் காலைக் காப்பி குடிக்க வீட்டில் அவள் கண்டுபிடித்து வைத்திருந்த ஒரே இடம் அது. ஏழு மாதமாக அங்கேதான் நிற்கிறாள். இன்று கல் இடப்பக்கக் கண்ணாடியில் முழுசாகத் தெரிந்தது.

மார்ச் மாதத்தில் இந்தத் தீவில் எதுவும் வைத்த இடத்தில் இருப்பதில்லை என்பது உண்மைதான். மண்ணுக்குள் இறங்கிய பனி களிமண்ணை உப்ப வைக்கும். வெளிக்கதவு இழுத்தால் வராது, வேலிக்கம்பு ஒரு சாண் உயர்ந்து நிற்கும், போன வருஷம் சுத்தமாகப் பொறுக்கிய வயலில் இந்த வருஷம் புதுசாகக் கல் தலை நீட்டும். வயல் கல் ஈனுகிறது என்று அலுத்துக்கொண்டே ஜனங்கள் அதைப் பொறுக்கிக் குவியலில் எறிவார்கள். ஒரு கல் கொஞ்சம் நகர்ந்ததற்கெல்லாம் இங்கே யாரும் பயப்படுவதில்லை. அதையே அவளும் தனக்குச் சொல்லிக்கொண்டு காப்பியைக் குடித்து முடித்தாள். பிறகு மனசு கேட்காமல் டேப்பை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

நாற்பத்திரண்டு கற்கள். படகைத் தரையில் வைத்து அதன் விளிம்பைச் சுற்றிக் கல் நட்டது போல, இரண்டு முனையிலும் ஆள் உயரத்துக்கு மேல் ஒவ்வொரு பெரிய கல், நடுவே போகப்போகத் தணிந்து முழங்கால் அளவுக் கற்கள். அரைமணி நேரம் நடந்தால் பைன் காட்டுக்குள் இதன் மூலம் இருக்கிறது. மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் செத்தவர்களுக்காக நட்ட கல் கப்பல் அது. நடுவில் யாரைப் படுக்க வைத்தார்கள், எங்கே அனுப்பி வைத்தார்கள் என்று தெரிந்த ஆள் யாரும் இல்லை. வெண்டெலா இரண்டு கோடைக்காலம் நோட்டுப்புத்தகமும் கையுமாக அதைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, பக்கத்து நிலத்துக்காரர் ஏவெர்ட்டின் மேய்ச்சல் நிலத்தில் தன்னுடைய கப்பலைக் கட்டினாள். நிலத்தையே தாளாக வைத்து வேலை செய்கிறவள் அவள். பள்ளம், மேடு, கல், புல், இதெல்லாம்தான் அவளுடைய வர்ணங்கள். அத்தனை கற்களும் ஏவெர்ட்டின் முப்பாட்டன் காலத்திலிருந்து வயலில் பொறுக்கி எறிந்த குவியலில் இருந்து வந்தவை. கப்பலின் தலை கிழக்கே கடலைப் பார்த்து நின்றது. வந்தவர்கள் உள்ளே போனதும் பேச்சடங்கி நின்றார்கள் என்று பத்திரிகையில் எழுதினார்கள். திறப்பு விழாவுக்குப் பிறகு வெண்டெலா ஒரு தடவைகூட அதற்குள் கால் வைத்ததில்லை.

வீட்டு மூலையிலிருந்து தலைக்கல் வரை தொண்ணூற்றிரண்டு மீட்டர் என்று அவள் வரைபடத்தில் எழுதியிருந்தது. டேப் எண்பத்தெட்டு என்றது. மறுபடி அளந்தாள், மறுபடியும் எண்பத்தெட்டு. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருக்கும் இடைவெளிகளை அளந்தபோது ஒன்றில்கூட விரல்கடை வித்தியாசம் இல்லை. கல்லடியில் புல் கிழியவில்லை, மேலே படிந்த வெளிர்பச்சைப் பாசி கலையவில்லை, வெள்ளைப் பொடியாகப் படிந்திருந்த காலைப் பனியில் ஒரு கீறல் இல்லை. பனி ஒரு கல்லைத் தள்ளும், இரண்டைத் தள்ளும். நாற்பத்திரண்டையும் வரிசை குலையாமல் கூட்டிக்கொண்டு வராது. டேப் பழசாகி நீண்டுவிட்டது என்று அவள் முடிவு செய்தாள். டேப்பைச் சந்தேகிப்பது சுலபமாக இருந்தது.

அன்று சாயங்காலம் விளக்குப் போடுகிற நேரத்தில் அந்தச் சத்தம் கேட்டது.

டங்.

இரும்புச் சத்தம். அடித்த மாதிரி இல்லை, விட்ட மாதிரி. தோள் உயரத்திலிருந்து கனமான இரும்பை நேராகத் தரையில் விட்டால், தரை உறைந்திருந்தால், இப்படித்தான் ஒலிக்கும். பத்துப் பன்னிரண்டு மூச்சு விடுகிற நேரம் அமைதி. பிறகு நாலடி தள்ளி இன்னொன்று. டங். வெண்டெலா உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். அந்த நடைக்கு நடுவே விழுகிற சத்தம் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் விளக்கைப் போடவில்லை.

ஏவெர்ட்டுக்கு எழுபது வயசு, காது மடலில் நரைமுடி, எங்கே போனாலும் கையில் ஃபிளாஸ்க். மார்ச் பிறந்துவிட்டால் தோளில் கடப்பாரையைச் சாய்த்துக்கொண்டு தன் நிலத்தைச் சுற்றி வருவார். நாலடிக்கு ஒரு தடவை கடப்பாரையைத் தூக்கி விடுவார். ஒலித்தால் பனி இன்னும் மண்ணுக்குள் இருக்கிறது. ஒன்றும் பேசாமல் அடுத்த இடத்துக்குப் போவார். என்றைக்குக் கடப்பாரை சத்தமில்லாமல் இறங்குகிறதோ அன்றைக்கு, "போயிடுச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் காப்பி ஊற்றிக்கொள்வார். அதற்குப் பிறகுதான் உழவு, வேலி, எல்லாம். வானொலியில் என்ன சொன்னாலும் அவருக்குக் கணக்கில்லை.

போன மார்ச்சில் வெண்டெலாவுக்கு அவசரம். ஏப்ரல் கடைசி நாள், ஊர் ஊராக வசந்தத்துக்குத் தீ மூட்டுகிற மாலையில், கப்பலைத் திறப்பதாக அழைப்பு அச்சடித்தாகிவிட்டது. சின்னக் கற்களைப் பனிக்கு முன்பே நட்டாயிற்று. பெரியவை இரண்டும்தான் பாக்கி. ஏவெர்ட் மசியவில்லை. "அதுங்க ரெண்டும் மண்ணு இளகின பிறகுதாம்மா. உறைஞ்ச மண்ணுல நட்டா நட்டதே கெடையாது, சும்மா ஒட்டி வெச்சது" என்றார். பிறகு கண் ஆபரேஷனுக்காக இரண்டு நாள் விஸ்பி ஆஸ்பத்திரிக்குப் போனார். அந்த இரண்டு நாளில் வெண்டெலா கப்பலேறி வருகிற வெளியூர் பொக்லைன்காரன் ஒருவனை வரவழைத்தாள். வண்டியின் பல் மண்ணில் பட்டுப் பொறி பறந்தது. முழங்கால் ஆழம் போனதும், இதற்கு மேல் இறங்காது என்று அவன் தலையை ஆட்டினான். போதும் என்று அவள்தான் சொன்னாள். உறைந்த கட்டிகளையே சுற்றிப் போட்டு இடித்தார்கள். கல் அசையாமல் நின்றது. பனிதானே பிடித்துக்கொண்டிருந்தது, ஏன் அசையப்போகிறது?

ஒரு கண்ணில் கட்டோடு திரும்பி வந்த ஏவெர்ட் அண்ணாந்து பார்த்தார். "ஏம்மா, உறுதியா நிக்குதா?" என்று கேட்டார்.

"கவலைப்படாதீங்க, உறுதியா நிக்குது" என்றாள். இடுப்பளவு தோண்டியிருக்கிறது என்றும், அந்த இடத்தில் கடப்பாரை முழங்கை வரைக்கும் இறங்கியது என்றும் வாய் கூசாமல் சேர்த்துச் சொன்னாள்.

இந்தத் தீவில் மீன் எடையில் பொய் சொல்வார்கள், ஆட்டின் வயசில் பொய் சொல்வார்கள். மண் இளகிவிட்டதா என்று கேட்டால் மட்டும் யாரும் பொய் சொல்வதில்லை. அதனால் அவர் கடப்பாரையை எடுத்துவரவில்லை. கல்லின் முதுகில் தட்டிக்கொடுத்து, என் நிலத்து மண்ணுக்கு என்னைவிட உன்னைத்தான் பிடித்திருக்கிறது என்று அவளைக் கேலி செய்துவிட்டுப் போனார். ஏப்ரல் ஒன்பதாம் தேதி, நல்ல வெயில், பிற்பகல் மூன்று மணிக்கு, அந்தக் கல்லில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து காப்பி ஊற்றிக்கொண்டார். மண் அன்றைக்குத்தான் இளகியது.

கல் விழுந்து அவர் செத்ததை விசாரிக்க வந்தவர்களிடம் வெண்டெலா ஐந்தே சொல் சொன்னாள். "தரை வேலை எல்லாம் ஏவெர்ட் பார்த்துக்கிட்டார்." பொக்லைன்காரனை யாரும் தேடவில்லை. கோடையில் கல்லை மறுபடி ஆழமாக நட்டு, ஆகஸ்டில் திறந்தார்கள்.

வியாழக்கிழமை ஏவெர்ட்டின் மனைவி மாய்கென் வந்தாள். மாதம் ஒரு தடவை வருகிறவள்தான். வெறுங்கையோடு வந்ததே இல்லை. அன்று துணியில் சுற்றிய தட்டில் குங்குமப்பூ போட்டுச் சுட்ட அரிசிப் பான்கேக்கும், ஒரு சின்ன பாட்டில் நாவல் நிறக் காட்டுப்பழ ஜாமும் கொண்டுவந்தாள். புருஷன் செய்த தப்புக்குத் தான் ஈடு கொடுக்கிற நினைப்பு அவளுக்கு. டிராக்டரைக் கேட்காமலே அனுப்புவாள், பனி பெய்தால் வெண்டெலாவின் வழியைத் தானே வந்து சுரண்டிவிடுவாள். கப்பலின் பெயர்ப்பலகையில் ஏவெர்ட்டின் பெயரைப் போடலாம் என்று ஊர்க்காரர்கள் சொன்னபோது, படிக்கிறவர்கள் சிரிப்பார்கள், வேண்டாம் என்று தடுத்தவளும் அவள்தான். வெண்டெலா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் கை கூசியது. ஒவ்வொரு தடவையும் கை நீண்டது.

"வர்ற ஞாயித்துக்கிழமை சர்ச்சுல, காப்பி குடிக்கிற நேரத்துல, எழுந்து நின்னு மன்னிப்பு கேக்கப்போறேன்" என்றாள் மாய்கென். "போதகரம்மாகிட்ட சொல்லிட்டேன்."

"எதுக்கு அக்கா?"

"அவரு செத்ததுக்கு மறுநா காலையில பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க பதினெட்டு பேரு அந்தக் கல்லைச் சுத்தி நின்னிருக்கணும். ஒரு நாள் தள்ளி விழுந்திருந்தா? படுத்தா அதுதான் ஓடுது, ஒவ்வொரு பிள்ளை மூஞ்சியா." அவள் ஜாம் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்தாள். "நாப்பத்தி நாலு வருஷம் கூட இருந்தேன். மண்ணு விஷயத்துல அந்த மனுஷன் அவசரப்பட்டு நான் பார்த்ததில்ல. கடைசியில இப்படிப் பண்ணிட்டாரேன்னு அவர்மேல கோவமா வருது, வெண்டெலா. செத்தவர்மேல கோவம் வந்தா எங்க கொண்டுபோய்க் கொட்டுறது?"

உண்மையைச் சொல்லிவிட வெண்டெலாவுக்குத் தோன்றியது. சொல்லிவிட்டால் மாய்கென் இரவில் தூங்குவாள், ஏவெர்ட் ஏவெர்ட்டாகவே மண்ணுக்குள் கிடப்பார். தனக்குத்தான் இந்தத் தீவில் நிற்க இடம் இருக்காது. வாயைத் திறந்தாள்.

"ஜாம் நல்லாருக்கு அக்கா" என்றாள்.

"அவரு போறதுக்கு முந்தின வருஷத்துப் பழம். அவரு பறிச்சது. இதான் கடைசி பாட்டில்."

கிளம்பும்போது மாய்கென் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். உன் கப்பல் இங்கிருந்து இவ்வளவு கிட்டத்தில் தெரியுமா என்று கேட்டாள். எங்கள் வீட்டு மாடியிலிருந்து முன்பெல்லாம் தெரியும், இப்போது நாலைந்து நாளாகத் தெரியவில்லை, கண் மங்குகிறது போல என்றும் சொன்னாள். வெண்டெலா ஏதோ பதில் சொல்லிக் கதவைச் சாத்தினாள். நாக்கில் அந்த ஜாமின் புளிப்பு சாயங்காலம் வரை போகவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கப்பல் கடலைப் பார்க்கவில்லை.

ராத்திரிக்குள் முழுசாகத் திரும்பி, தலையை வீட்டுக்கு நேராக வைத்து நின்றது. ஜன்னலிலிருந்து பார்க்கும்போது இரண்டு பக்கக் கற்களும் தலைக்கல்லுக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்தன. எதிரே வருகிற படகைக் கரையில் நிற்கிறவன் பார்க்கிற கோலம் அது. அவள் டேப்பை எடுக்கவில்லை. கால்சட்டைப் பையில் கையை விட்டபடி வாசல் வரை மட்டும் போனாள். மேய்ச்சல் நிலத்திலிருந்து அவள் வெளிக்கதவு வரை, உறைந்த மண்ணில், கடப்பாரை முனை அளவுக்கு வட்டமான குழிகள் வரிசையாக வந்திருந்தன. நாலடிக்கு ஒன்று. பனிப்பொடியில் கால் தடமே இல்லை. குழி ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் ஆழம். கடைசிக் குழிக்கு மேல் குனிந்தபோது ஈரமண் வாசனை வந்தது. அதற்கு அடியில், ஃபிளாஸ்க்கில் நேரமாகிப் புளித்த காப்பியின் வாசனை.

அன்றைக்குச் சாயங்காலம் சத்தம் வாசற்படிக்கு வெளியே கேட்டது. டங். ஜன்னலுக்குக் கீழே. டங். விறகு அடுக்கின பக்கம். டங். வீட்டைச் சுற்றிப் பொறுமையாகப் போனது. யாரையும் மிரட்டுகிற சத்தமாக இல்லை அது. வேலையில் கவனமாக இருக்கிற ஒரு கிழவரின் சத்தம். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால், கதவை உதைத்திருந்தால், அவளும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பாள். அவள் நெற்றியைச் சுவரில் வைத்துக்கொண்டு, சுவருக்கு அந்தப்பக்கம் கேட்கும்படி சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை சொல்லிடறேன். எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்."

சத்தம் நின்றது. சனிக்கிழமை முழுக்க ஒன்றுமே கேட்கவில்லை. கப்பல் நின்ற இடத்தில் நின்றது. வெண்டெலா பல நாளுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள். சொல்ல வேண்டிய வார்த்தைகளைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தாள். தோண்டச் சொன்னது நான். போதும் என்று சொன்னது நான். அவர் கேட்டார், நான் பொய் சொன்னேன். மூன்றே வாக்கியம். மூன்றையும் அவளால் சொல்ல முடிந்தது, குரல்கூட நடுங்கவில்லை.

சர்ச் கூடத்தில் காப்பி மணமும் இலவங்கப்பட்டை ரொட்டி மணமும் ஈரக் கம்பளிக் கோட்டு மணமும் கலந்து கிடந்தன. நாற்பது பேர் இருப்பார்கள். மாய்கென் கறுப்புச் சட்டையில் எழுந்து நின்றாள். கையில் நாலாக மடித்த தாள் இருந்தது. அதைப் பிரிக்கவே இல்லை. என் வீட்டுக்காரர் சரியாகப் பார்க்காமல் செய்த வேலையால் உங்கள் பிள்ளைகளுக்கு வரவிருந்த ஆபத்துக்காக, அவர் கேட்க முடியாததால் நான் கேட்கிறேன் என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு வெண்டெலாவைத் தேடி, அவள் முகத்தைப் பார்த்து நின்றாள். கூடமே திரும்பிப் பார்த்தது.

வெண்டெலா எழுந்தாள். மூன்று வாக்கியமும் நாக்கில் இருந்தன. முன்வரிசையில் யாரோ ஒரு பெண் கண்ணைத் துடைத்தபடி அவளைப் பார்த்துத் தலையசைத்தாள், நீ நல்லவள் என்பது போல. அந்தத் தலையசைப்பு போதுமானதாக இருந்தது.

"நாங்க எப்பவோ மன்னிச்சிட்டோம் அக்கா" என்றாள்.

மாய்கென் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அழுகிறவளின் எலும்பு எலும்பான முதுகை வெண்டெலா தடவிக்கொடுத்தாள். யாரோ கோப்பையைத் தட்டில் வைத்தார்கள். சுவருக்கு வெளியே, கல்லறைகள் இருக்கிற பக்கத்திலிருந்து, கிட்டத்தில், டங் என்று கேட்டது. மற்றவர்கள் ரொட்டியை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் திரும்பவில்லை.

அவள் வீடு வந்து சேர்ந்தபோது ஆறு மணிகூட ஆகவில்லை. வானத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது. காரை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

மேய்ச்சல் நிலம் காலியாக இருந்தது.

ஒரு கல் இல்லை. குழி இல்லை. தடம் இல்லை. போன வருஷத்துப் பழுத்த புல் மட்டும், நடுவில் யாரும் எதையும் நட்டதே இல்லை என்பது போல, கடல் வரைக்கும் படுத்துக் கிடந்தது. முதலில் அவளுக்கு வந்தது பயம் இல்லை. நிம்மதி. தன்னுடைய வேலை காணாமல் போனதில் இவ்வளவு நிம்மதி வரும் என்று அவள் நினைத்ததே இல்லை. போய்விட்டது, எல்லாம் போய்விட்டது என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய்க் கதவைப் பூட்டினாள். கோட்டைக் கழற்றவில்லை. அடுப்படியில், வழக்கமான இடத்தில், பலகை முடிச்சின் மேல் கால் வைத்து நின்றாள்.

அடியில் கேட்டது.

டங்.

தரைப்பலகைக்குக் கீழே. கிழங்கு வைக்கிற நிலவறைக்கும் கீழே. பத்துப் பன்னிரண்டு மூச்சு. நாலடி தள்ளி. டங். மேஜைக்கு அடியில். டங். இந்தத் தடவை கொஞ்சம் மந்தமாக. மண் இளகத் தொடங்கும்போது அப்படித்தான் ஒலிக்கும். அவளுக்குத் தெரியும். ஏவெர்ட்தான் சொல்லிக்கொடுத்தார்.

சுவரோரப் பலகைகள் முனகின.

ஒரு பலகை மெதுவாக உப்பியது. அடுத்தது. ஆணி பிடுங்கிக்கொண்டு உருண்டது. இடுக்கில் முதலில் மண் தெரிந்தது, பிறகு சாம்பல் நிறத்தில் ஒரு கல்லின் உச்சி, வெளிர்பச்சைப் பாசியோடு. எதிர்ச்சுவரில் இன்னொன்று. அலமாரிக்குப் பக்கத்தில். அடுப்புக்குப் பின்னால். அவசரமே இல்லாமல் ஏறின, வயலில் ஏறுகிற மாதிரியே. அவள் எண்ணினாள். எண்ணாமல் இருக்க முடியவில்லை. முப்பத்தெட்டு. நாற்பது. இரண்டு பக்கமும் வளைந்து வந்த வரிசை. உள்ளறைப் பக்கம் வால்கல். நடுவில் மேஜை. நடுவில் அவள்.

நாற்பத்தொன்று.

கதவு நாலடி தூரத்தில் இருந்தது. ஓடியிருக்கலாம். அவளுக்கும் கதவுக்கும் நடுவே பலகை இரண்டாகப் பிளந்தது.

தலைக்கல் எழுந்தது. இடுப்பு வரை. மார்பு வரை. நெற்றிக்கு மேலே. உத்தரத்துக்கு ஒரு சாண் கீழே வந்து நின்றது. அதன் முகத்தில் ஈரம். குளிர். வேறு எதுவும் அசையவில்லை.

கடப்பாரை கடைசியாக ஒரு தடவை விழுந்தது. அவள் காலுக்கு நேர் அடியில்.

சத்தம் வரவில்லை.

இறங்கியது. ஆழமாக, வழுக்கிக்கொண்டு, இறங்கியது. அந்த மௌனத்தை அவள் உள்ளங்காலில் உணர்ந்தாள். எங்கேயோ ஒரு கிழவரின் குரல், திருப்தியோடு, "போயிடுச்சு" என்றது.

கல் லேசாக ஆடியது.

அவள் இரண்டு கையையும் நீட்டிப் பிடித்தாள். அடியில் மண் கூழாக இருந்தது. கல்லின் கால் எவ்வளவு ஆழம் இருக்கிறது என்று பார்க்கவே தேவையில்லை. முழங்கால் அளவு. அதற்கு மேல் ஒரு விரல்கூட இல்லை. அவள் பிடித்திருந்ததால்தான் நின்றது. பின்னால் அடுப்பு. நகர இடமில்லை. கையை எடுக்க முடியாது.

கல்லுக்கு அந்தப்பக்கம் ஃபிளாஸ்க் மூடியைத் திருகுகிற சத்தம். காப்பி மணம். முட்டியில் கை ஊன்றி, ஒரு பெருமூச்சோடு, ஒரு ஆள் தரையில் உட்காருகிற சத்தம். இன்னும் சாயவில்லை. கேட்டுவிட்டுத்தான் சாய்வார்.

"ஏம்மா," என்றது குரல். கோபமே இல்லை. "உறுதியா நிக்குதா?"

கேட்க வேறு யாரும் இல்லை. கூடம் இல்லை, ஊர் இல்லை, முன்வரிசைப் பெண் இல்லை. அவரும் அவளும்தான். இல்லை என்று ஒரு சொல் போதும். மனசார, உயிர் முழுக்க, அவள் அந்தச் சொல்லைத்தான் சொல்ல நினைத்தாள். வாயைத் திறந்தாள்.

"கவலைப்படாதீங்க," என்றது அவள் வாய். "உறுதியா நிக்குது."

அந்தப்பக்கம் மெல்லிய சிரிப்பு. கையால் கல்லைத் தட்டிக்கொடுக்கிற ஓசை.

பிறகு அவர் சாய்ந்தார். அவள் உள்ளங்கைகளில் கல் மெதுவாகக் கனக்கத் தொடங்கியது.